செவ்வாய்க்கிழமை, எட்டு பத்து

செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட்ட விமானம் பத்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரைப் பன்னிரண்டு மணி நேரத்தில் கடந்தது. நடுக்கடலில் நாள் மாறும் கோட்டைத் தாண்டிவிட்டதால், இறங்கியபோது அந்த ஊரில் அதே செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிதான் ஆகியிருந்தது. பயணிகள் எல்லோரும் போன பின்பும் கோமதிநாயகம், போர்வை மூடியிருந்த அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வழியில் இறந்துபோனவளை இறக்கத் தனியாக ஆள் வரவேண்டுமாம். வெளியே காத்திருந்த அண்ணன் போனில் கூப்பிட்டான். "அம்மா எப்பம்லே போனா? திதி பாக்க நம்மூர்ல ஐயரு நேரங் கேக்காரு." விமானத்தில் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துக் கோமதிநாயகம் படித்தான். "செவ்வாய்க்கிழம ராத்திரி எட்டு பத்து." "இன்னைக்கா?" "இன்னைக்குத்தாண்ணே." "இப்பம் காலைல ஏழே முக்கால்தானே ஆகுது?" "அது நாங்க கெளம்புன ஊரு நேரம்." சொல்லிவிட்டுப் பத்தொன்பது மணி நேரத்தை விரல்விட்டுக் கழித்துப் பார்த்தான். இந்த ஊர்க் கணக்கில் செவ்வாய் அதிகாலை ஒன்று பத்து என்று வந்தது. செவ்வாய் அதிகாலை ஒன்று பத்துக்கு அம்மா அங்கே, கிளம்பின ஊரில், கட்டிவைத்த பெட்டியின் மேல் ஒரு கையைப் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மறுபடியும் முதல் விரலிலிருந்து தொடங்கினான். "அப்பம் எட்டு பத்துக்கு இன்னும் நேரங் கெடக்குல்லா," என்றான் அண்ணன். "போனை அம்மாகிட்ட குடு." கோமதிநாயகம் போர்வையை விலக்கி, அம்மாவின் காதை மூடியிருந்த நரைமுடியை மெதுவாக ஒதுக்கினான்.