கையை எடுத்த இடம்

வலது மணிக்கட்டு மரத்துப்போகிறது என்று ஐயம்பெருமாள் தன் பைக்குக்கு ஆக்சிலரேட்டர் பூட்டு வாங்கப் போனார். கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். "இது வேகத்தையே புடிச்சுக்கிடும். மேடு வந்தாலும் வண்டி குறையாது. அது முறுக்கின கைப்பிடிய மட்டும் அப்படியே நிறுத்தி வைக்கும். மேட்டுல வேகம் தானா குறையும்." மனைவி உலகம்மாள் யோசிக்கவே இல்லை. "ரெண்டாவதே போதும். மேடு வந்தா வண்டிக்குத் தெரியணும்லா." அதையே மாட்டிக்கொண்டு இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். வழியில் சாலையோரப் பேச்சியம்மன் கோயில் வந்தது. இத்தனை வருடமும் அந்த இடத்தில் அவர் வலது கையை எடுத்து நெஞ்சைத் தொடுவார்; பிடி தளர்ந்ததும் வண்டியும் கொஞ்சம் வேகம் தணியும். இன்று பூட்டைப் போட்டுவிட்டுத்தான் கையை எடுத்தார். ஆனாலும் கோயிலுக்கு நேராக வந்ததும் வண்டி தணிந்தது. தாண்டியதும் பழைய வேகத்துக்குத் திரும்பியது. பூட்டு இறுகியபடியேதான் இருந்தது. அவர் ஓரங்கட்டினார்.

"ஏட்டி, இங்க மேடு இருக்கா?"

"நீங்கதான இத்தன வருசமா ஓட்டுதீக."

"இந்த எடத்துல நான் என்னைக்கும் முறுக்கிப் போனதில்லையே. எனக்கு எப்படித் தெரியும்?"

உலகம்மாள் வண்டியிலிருந்து இறங்கினாள். கோயிலுக்கு நேராகத் திரும்பி நடந்து, பாட்டிலைத் திறந்து சாலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குனிந்தாள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல், ஊற்றிய இடத்திலேயே மெல்ல நடுங்கிக்கொண்டு நின்றது.