கவிதையில் ஒரு தவறு

கருணாகரன் சிரித்துக்கொண்டே ஒரு இன்லேண்ட் கடிதத்தை ஜெயபாரதியிடம் நீட்டினார்.

மயிலாப்பூரில் ஒரு மாடியறையிலிருந்து அவர் நடத்தும் சிற்றிதழில் அவள் ஒன்பது வருடங்களாக எழுதுகிறாள். முந்நூறு பேர் படித்தால் அதிகம். இந்த வருடம் அவளுடைய கவிதை ஒன்றுக்கு ஆண்டின் சிறந்த கவிதை என்று பரிசு கொடுத்தார்கள். வார இதழ் ஒன்று அதை எடுத்து மறுபடி வெளியிட்டது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதம்.

"ஒருத்தர் தப்பு கண்டுபிடிச்சு எழுதியிருக்கார். கற்பனையில என்னம்மா தப்பு?"

சின்னக் கவிதைதான். மாம்பலம் ஸ்டேஷன். ஒரு அப்பா தன் ஐந்து வயது மகளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போகிறார். வரவில்லை. 'அவர் திரும்பிப் பார்க்கவில்லை' என்று முடியும். பரிசுக் குழு பாராட்டியது அந்தக் கடைசி வரியைத்தான்.

ஜெயபாரதி கடிதத்தைப் பிரித்தாள். நடுங்கிய எழுத்து.

'ஐயா, கவிதை படித்தேன். ஒரு திருத்தம். அவர் தண்ணீர் வாங்கப் போகவில்லை. குழந்தை கொய்யாப்பழம் கேட்டது. பழத்தோடு திரும்பி வந்தவர், பெஞ்சுக்குப் போகாமல் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டார். ஒரு போலீஸ்காரம்மா குழந்தையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்வரை அங்கேயே நின்றார்.'

அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை பாதியில் நிறுத்தினாள்.

"சார், என் கவிதையில போலீஸ்காரம்மா வர்றாங்களா?"

கருணாகரன் யோசித்தார். "இல்லையே. பெஞ்சோட முடிஞ்சுடுதே."

"ஆமா."

"அவரா கதை கட்டறார். விடுங்க. வாசகர் கடிதத்துல போட வேணாம்."

அவள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். அனுப்புநர் பெயர் இல்லை. அந்த இடத்தில் ஒரு முகவரி மட்டும் இருந்தது. அசோக் நகர்.

"இதை நான் வச்சுக்கறேன் சார்."

அடுத்த இதழுக்குக் கவிதை கேட்பதற்காக அவர் வாயெடுப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். மதியம் இரண்டு மணிக்கு அடையாறு மருந்துக் கடையில் அவள் இருக்க வேண்டும். வரமாட்டேன் என்று நடந்துகொண்டே போன் செய்தாள். காரணம் கேட்டார்கள். போனை அணைத்தாள்.

தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரரிடம் கடிதத்தை நீட்டினாள். அவர் முகவரியைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"இந்தச் சந்துல நம்பர்லாம் முன்னபின்ன கீதும்மா. யார் வூட்டுக்குப் போணும்?"

"எங்கப்பா வீட்டுக்கு."

"பேரு இன்னா? சொன்னா அங்க விசாரிச்சுக்கலாம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"தெரியாதுங்க. போய்த்தான் கேக்கணும்."