கல்லும் காகிதமும்

"மொதல்ல கல்லு... ஜாங்கென் போ!"

கல், காகிதம், கத்தரி என்று கையால் காட்டும் ஜப்பானிய ஆட்டம் அது; தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். மிஹாரு விரல்களை விரித்துக் காகிதம் காட்டினாள். அவள் அப்பா தோமோயாவின் கை வழக்கம்போல மூடிய கல்லாகவே நின்றது.

"காகிதம் கல்லைச் சுத்திடுச்சு! இன்னைக்கும் பாத்திரம் உங்களுதுதான்பா. நம்ம பூனைகூட உங்களை ஜெயிச்சிடும்."

"நாளைக்குப் பாரு" என்று சொல்லித் தோமோயா எழுந்துபோய்க் கழுவினான்.

மறுநாள் இரவுச் சாப்பாடு முடிந்தது. தோமோயா கல் காட்ட, மிஹாருவும் கல் காட்டினாள். ஆட்டம் முடிந்தும் அவள் மூடிய விரல்கள் விரியவில்லை.

அவனுக்குப் பகீரென்றது. மரபணுவில் ஒரு துண்டு திரும்பத் திரும்பப் பெருகி வரும் தசை நோய் அவன் மனைவி ரினாவுக்கு இருந்தது. மூடிய கை சட்டென்று விரியாது. போன குளிர்காலத்தில் அவள் இறந்தாள். அந்த நோய் மகளுக்கும் வரலாம். மகள் காகிதம் காட்டி ஜெயிக்கும்போது அவள் விரல்கள் விரிவதைப் பார்க்கத்தான் தினமும் கல் காட்டித் தோற்றான்.

"மிஹாரு, கையைத் திற!"

"நீங்க மொதல்ல திறங்க." அவள் அவனுடைய மூடிய கையைச் சுட்டிக்காட்டினாள். "அம்மாவும் எப்பவும் கல்லு மட்டும்தான் காட்டுவாங்க. உங்களுக்கும் அதே நோயாப்பா?"

தோமோயா உள்ளங்கையை அகல விரித்தான். அவளும் உடனே விரித்தாள்.

"ரெண்டும் காகிதம்பா. சமம்."

"அப்போ சேர்ந்தே கழுவலாம், வா. அம்மாவோட நோயைப் பத்தி எல்லாத்தையும் சொல்றேன்."