அவர் சிரித்த படம்

“ஓசியில எடுத்த படம்னு இளக்காரமா தம்பி? நாலு மாசமா நடக்க விடுறியே!”

மாரியாயி போட்ட சத்தத்தில் பங்சார் கேமரா கடையே திரும்பிப் பார்த்தது. பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருப்பவள். ஐம்பது காசுக்கும் மல்லுக்கட்டுகிற வாய்.

கடைக்காரன் ராஜேஷ்குமார் சிரித்த முகம் மாறாமல் சொன்னான்:

“ஃபிலிம் படம் ஆன்டி. போன் மாதிரி உடனே வராது லா.”

கேமரா வாங்க வந்திருந்த பரமேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. “சும்மா எடுத்துக் குடுக்கிறதுக்கே இவ்வளவு அதிகாரமா?” என்று முணுமுணுத்தார்.

மாரியாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் பூக்கடைக்காரர்களை இலவசமாகப் படமெடுக்க வந்தான் ராஜேஷ்குமார். போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அவள் வீட்டுக்காரர், அந்தக் கேமராவைப் பார்த்து அசந்துபோனார். பாட்டரி கிடையாது. எல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும். லீவரை இழுத்தால் ‘கிரிக்’. பட்டனை அழுத்தினால் ‘டக்’. அந்தச் சத்தத்துக்கே சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். சிரித்தார்.

மறுமாசமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

“ஐசி கார்டுல இருந்த படத்தைப் பெருசாக்கி மாலை போட்டிருக்கேன் தம்பி. அதுல திருடன் மாதிரி முறைக்கிறாரு. அந்தச் சிரிச்ச படம் ஒண்ணு போதும்.” குரல் இறங்கிவிட்டது.

“அடுத்த வாரம் கண்டிப்பா ஆன்டி.”

சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. ராஜேஷ்குமார் மண்டிபோட்டு, பூக்கடைக்காரர்களைக் கேமராவில் குறிபார்க்கும் காட்சி. கூட வந்தவன் போனில் எடுத்தது. ராஜேஷ்குமார் முகம் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில், முதுகுப்பக்கமாக யாரோ ஒருவரின் தோள்.

மாரியாயி அதைப் பார்த்துக்கொண்டே கதவுப்பக்கம் நடந்தாள்.

அவள் போய்விட்டாள் என்று நினைத்து, ராஜேஷ்குமார் படத்தில் இருக்கும் அதே கேமராவை எடுத்துப் பரமேஸ்வரன் முன்னால் வைத்தான்.

“ஊரெல்லாம் சுத்தி அடிபட்ட கேமரா. எறநூறு கொறைச்சுக்க லா,” என்றார் அவர்.

“அடிபட்டதா? என்ன பாஸ் நீங்க! சும்மா ஷோவுக்குத்தான் தூக்கிட்டுப் போவேன். சத்தியமா, வாங்குன நாள்லேர்ந்து இதுக்குள்ள ஒரு ஃபிலிம்கூடப் போட்டதில்ல!”

கதவைத் தள்ளப்போன கை நின்றது.

மாரியாயி திரும்பி வந்தாள். கத்தவில்லை. சுவரைக் காட்டினாள்.

“அந்த ஓரத்துல தெரியுற தோள் என் வீட்டுக்காரரோடது. அதை மட்டும் வெட்டிக் குடு. விலையை நீயே சொல்லு. கொறைச்சுக் கேக்க மாட்டேன்.”