ஏழு வெள்ளைத் திட்டுகள்

வல்லாஹி, அல்லாஹ் மேல் ஆணை, சொல்லுக்குச் சொல் உண்மை!

உச்சமுனையில் ஒரு திருக்கை என் தோணியைக் கல்பிட்டி வரைக்கும் இழுத்து வந்தது என்று நான் சொன்னது பொய்தான். சரி, அரைவாசி பொய். இது அப்படியல்ல. இதில் ஒரு சொல் பிசகினாலும் என் நாக்கில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போடுங்கள்.

போன வருடம் மதுரங்குளியில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு, இறைபக்தி. நடுவர், சரீப் ஹாஜியார்.

ஓவியத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். பக்தியைப் பற்றித் தெரியும் என்று ஊர் நம்பியது. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்து செய்து விழுந்த தழும்பு, ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில், கன்னங்கரேலென்று. அதைக் கண்டால் சண்டை பிடிக்கிறவன்கூடக் குரலைத் தாழ்த்துவான்.

மண்டபம் நிறையப் பள்ளிவாசல் படங்கள். பிறைகள். தங்கத் தூள் ஒட்டிய ஒரு பெரிய குப்பா, பள்ளிவாசல் குவிமாடம். கடைசிச் சுவரில் மட்டும் ஒரு கறுப்புத் துணி. அதில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். அவ்வளவுதான்.

"இதென்ன, யாராச்சும் உடுப்புக் காயப் போட்டிரிக்காங்களா?" என்றார் ஹாஜியார்.

கூட்டம் சிரித்தது.

"என்ட படைப்பு, ஹாஜியார்," என்றாள் நஸ்லா. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் றுக்கியாவின் மகள்.

"இதில நீ என்னத்தப் புள்ள வரைஞ்ச?"

"நான் வரையல்ல. உம்மா உப்பளத்து வரம்பில விரிச்சுத் தொழுற துணி. அவட உடம்பெல்லாம் உப்புத் தண்ணி. துணியில பட்ட இடமெல்லாம் காஞ்சு வெள்ளையா நிக்கிது. மூணு மாசம் கழுவாம வச்சிருங்கன்னு சொன்னன்."

"மூணு மாசம் கழுவல்லியா? அப்ப இது கலை இல்ல மகள், ஊத்தை!"

இன்னும் பெரிய சிரிப்பு. ஹாஜியாருக்கு ருசி பிடித்துவிட்டது.

"கையால செஞ்சாத்தான் கலை. பாடுபட்டுச் செய்யணும். இதில ஒரு பள்ளி இல்ல, ஒரு குர்ஆன் ஆயத் இல்ல. பக்தி எங்க இரிக்கி?"

நஸ்லா வாயைத் திறந்தாள். பின்னால் நின்ற றுக்கியா அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். தன் துணி சுவரில் தொங்குவதைப் பார்க்க வேலைத்தலத்திலிருந்து நேரே வந்திருந்தவள் அவள்.

கண்காட்சியை ஏற்பாடு செய்த வாத்தியார் ஃபைஸல் சேர் மெல்லச் சொன்னார்: "ஹாஜியார், பரிசு வேணாம். சும்மா ஒரு மூலையில தொங்கட்டுமே."

"இறக்குங்க சேர். இத விட்டா நாளைக்கு உடுத்த சாரத்தையும் கொண்டு வந்து தொங்க விடுவாங்க."

றுக்கியாவே கதிரையில் ஏறித் துணியைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. தகரக் கூரை. சொல்ல வேண்டுமா, ஆளாளுக்கு வேர்த்து வழிந்தது.

இறங்கி வந்தவள் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, ஏதோ மன்னிப்புக் கேட்க வருகிறவள்போலக் கிட்ட வந்து காதோடு சொன்னாள்.

"ஹாஜியார், நெத்தியிலருந்து கறுப்பா வழியுது."

ஹாஜியாரின் கை நெற்றிக்குப் போனது.

"கையால தொடாதீங்க, முகமெல்லாம் பூசிக்கும். இந்தாங்க, இதால தொடைங்க. கறுப்புத் துணிதானே, ஒண்டும் தெரியாது. பொறகு தொப்பிய இறக்கி விடுங்க."

அந்தத் தழும்பு வெறும் சிரட்டைக் கரியும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயும். ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பாடுபட்டு, கையால் செய்தது.

ஹாஜியார் அந்தத் துணிக்குள் முகத்தைப் புதைத்தார். உதட்டில் உப்புக் கரித்தது. முகத்தை எடுத்துத் துணியை விரித்தபோதுதான் அவர் கண் திட்டுகளை எண்ணியது. இரண்டு பாதம், இரண்டு முழங்கால், இரண்டு உள்ளங்கை, ஒரு நெற்றி. ஏழு. சுஜூதில் நிலம் தொடுகிற ஏழு. குர்ஆன் ஓதப் போகிற சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

"முதலாம் பரிசு யாருக்கு, ஹாஜியார்?" என்று ஃபைஸல் சேர் கேட்டார்.

தீர்ப்பை மாற்றியிருக்கலாம். மாற்றினால், ஏன் என்று கேட்பார்கள்.

"அந்தத் தங்கக் குப்பாவுக்கே குடுங்க."

றுக்கியா துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மகளோடு பஸ் ஏறினாள். நஸ்லா இன்றும் வழியில் கண்டால் ஹாஜியாருக்கு மரியாதையாக ஸலாம் சொல்கிறாள். அப்படியென்றால் உம்மா அவளிடம்கூட மூச்சு விடவில்லை.

கொஞ்சம் பொறுங்கள், வேர்க்கிறது. தொப்பியை இன்னும் சற்று இறக்கிக்கொள்கிறேன்.

அன்றைக்கு அந்தத் துணிக்குள் நடந்தது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். றுக்கியா சாகும்வரை சொல்லமாட்டாள். ஆகையால் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள்.