ஈ கேட்ட கச்சேரி

மாட்டுக் கொட்டகையில் ஒரு சின்னக் கச்சேரி நடந்தது. மைனா பாடியது. இரண்டு சிலந்திகள் தங்கள் வலையின் இழைகளை மீட்டின. முன்வரிசையில் எருமை படுத்திருந்தது. அதன் பின்னால் ஆடும் வாத்தும் உட்கார்ந்திருந்தன.

எருமைக்குப் பாட்டைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது. ஆனால் அதன் காதருகே ஓர் ஈ சுற்றிக்கொண்டிருந்தது. ஈ நெருங்கும்போதெல்லாம் எருமை தலையை ஆட்டியது.

“பார்த்தாயா, அண்ணன் எப்படி ரசிக்கிறார்!” என்று ஆடு வாத்திடம் கிசுகிசுத்தது. உடனே இரண்டும் எருமையைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டின. மைனாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரே வரியை ஏழெட்டு விதமாகப் பாடிக் காட்டியது.

பிறகு மைனா ஒரு ராகத்தை மெதுவாக எடுத்தது. சிலந்திகள் இழைகளைத் தொட்டும் தொடாமலும் மீட்டின. அந்தக் கொட்டகை அப்படியொரு பாட்டைக் கேட்டதே இல்லை. ஈ பறப்பதை மறந்து எருமையின் கொம்பு நுனியில் உட்கார்ந்துவிட்டது.

எருமையின் தலை நின்றது. ஆடும் வாத்தும் தலையாட்டுவதை நிறுத்தின.

மைனா அதைப் பார்த்தது. “எடுபடவில்லை” என்று சிலந்திகளிடம் முணுமுணுத்தது. ராகத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஒரு துக்கடாவுக்குத் தாவியது.

“ஐயோ, இன்னும் கொஞ்சம் பாடக் கூடாதா?” என்றது ஈ. அது யார் காதிலும் விழவில்லை. ஈ ஏமாற்றத்தோடு மறுபடி எருமையின் காதைச் சுற்ற ஆரம்பித்தது.

எருமை தலையை ஆட்டியது.

“இதுதான் பிடிக்கிறது” என்று மைனா அந்தத் துக்கடாவையே மூன்று முறை பாடியது.