பெரிய மரத்துக்குப் போனவன்

முருங்கை மரத்தில் நீட்டுவால், குட்டைவால் என்ற இரண்டு அணில்களும் ஒன்றாகத்தான் தாவிப் பழகின. ஒரு வருஷம், தாவுகிற கூட்டத்துக்கு ஆள் எடுக்க வந்த, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்துப் பெரிய அணில், இரண்டையும் தாவவிட்டுப் பார்த்து நீட்டுவாலை மட்டும் கூட்டிக்கொண்டு போனது.

குட்டைவாலுக்கு வயிறு எரிந்தது. "என்னைவிட ஒரு வால் நீளம்தான் கூடத் தாண்டினான். அதுவும் காத்து தள்ளிவிட்டுச்சு" என்று காக்கை, ஓணான் ஒன்று விடாமல் எல்லாரிடமும் சொல்லிப் புலம்பியது. அந்தக் கோபத்திலேயே தினமும் தாவியது. சாயங்காலம் அதை வேடிக்கை பார்க்கக் குட்டி அணில்கள் கூடின. அதையும் அது கவனிக்கவில்லை. கண்ணெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய்ப் பார்த்தது. அங்கே அணில்கள் ரோட்டுக்கு மேலே பறந்து பறந்து தாவின. நீட்டுவால் அடிக்கிளையில் உட்கார்ந்து, மற்றவர்களின் கொட்டைகளுக்குக் காவல் இருந்தது.

"நீ தாவலையா?"

"இங்க எல்லாருமே அவங்கவங்க மரத்துல முதல் ஆளுடா. என் முறை இன்னும் வரலை."

குட்டைவாலுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அந்தக் கிளையின் தடிமனைப் பார்த்ததும் மறுபடி எரிந்தது. "இருந்தாலும் பெரிய மரமாச்சே!"

நீட்டுவால் அதைக் காதில் வாங்கவில்லை. "நம்ம முருங்கையில இப்ப யாருடா தாவுறா?"

"நான்தான். தினமும்."

நீட்டுவால் அதை ஏற இறங்கப் பார்த்தது. குட்டைவாலுக்கு அந்தப் பார்வை புதிதல்ல. ஒரு வருஷமாக இந்த மரத்தைத் தானே வயிறெரிந்து பார்த்துவந்த அதே பார்வை.